துளை போட்ட கரண்டிக்கு என்ன வேலை?

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் ஏலக்காயும் மணத்தன. இன்று அந்தக் கிடங்குகளில் பலவும் புராதனப் பொருள் கடைகள். வெண்கல உருளி, சீன ஜாடி, கப்பல் விளக்கு, இடிந்த தரவாட்டிலிருந்து பெயர்த்து வந்த மரத்தூண் என்று பெரிய சாமான்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். அவற்றைத் தாண்டி உள்ளே போனால், கண்ணாடி அலமாரியில் கறுத்துப் போய்க் கிடக்கும் வெள்ளிக் கரண்டிகளைப் பார்க்கலாம்.

அந்தக் கரண்டிகளில் சில, பார்ப்பவரைக் குழப்பும். ஒன்றின் குழி முழுவதும் பூவேலையாகத் துளைகள். பிடியோ ஊசி போல நீண்டு, நுனியில் அம்பு முனை. இன்னொன்றுக்குக் குழியே இல்லை. இரு முனையிலும் வாய்க்கால் மாதிரி பள்ளம், ஒன்று அகலமாக, மற்றொன்று குறுகலாக. மூன்றாவதன் குழிக்கு மூடி இருக்கிறது. பிடி உள்ளே கூடாக இருக்கிறது. நான்காவதன் குழியில் கடுகு நாலு நிற்கும், அவ்வளவுதான். ‘இது எதற்கு?’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘ராஜா காலத்துச் சாமான்.’ எந்த ராஜா, எந்தக் காலம், அவர் இதை வைத்து என்ன செய்தார் என்ற கேள்விகளுக்கு அந்தப் பதிலில் இடமில்லை.

பதில் சொல்வது சுலபமும் இல்லை. கொச்சியில் போர்த்துகீசியர் கோட்டை கட்டியது 1503இல். டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தது 1663இல். ஆங்கிலேயர் வந்தது 1795இல். மூவரும் தங்கள் மேஜைப் பழக்கங்களோடு வந்தார்கள். அதற்கு முன்பே சிரியன் கிறிஸ்தவர்களும் யூதர்களும் முஸ்லிம் வணிகர்களும் இங்கே இருந்தார்கள். கொங்கணியர், குஜராத்தியர், தமிழ்ப் பிராமணர், வாணியர் எல்லோருக்கும் மட்டாஞ்சேரியில் தெருக்கள் உண்டு. ஆகவே ஒரே அலமாரியில் கிடக்கும் ஐந்து கரண்டிகள் ஐந்து மதத்து வீடுகளிலிருந்து வந்திருக்கலாம். ஒன்று சாப்பாட்டு மேஜையிலிருந்து, ஒன்று பூஜையறையிலிருந்து, ஒன்று தேவாலயத்தின் பலிபீடத்திலிருந்து. மூன்றுக்கும் ஒரே சீட்டு: ‘சுகர் ஸ்பூன்.’

துளை போட்ட கரண்டியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் சேகரிப்பாளர்களையே நெடுநாள் அலைக்கழித்த பொருள் அது. ஊறுகாய்ச் சாற்றிலிருந்து ஆலிவ் காயை அள்ளுவதற்கு என்றார்கள் சிலர். முசுக்கொட்டைப் பழத்துக்கு என்றார்கள் வேறு சிலர். விடை தேநீரில் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் கப்பலில் வந்த தேயிலை தூளும் தும்புமாக இருக்கும். கோப்பையில் ஊற்றியதும் மேலே மிதக்கும் தும்பை இந்தக் கரண்டியால் அள்ளினால் தேநீர் துளை வழியே கீழே இறங்கிவிடும், தும்பு மட்டும் கரண்டியில் நிற்கும். ஊசிப் பிடி எதற்கு? தேநீர்க் கெண்டியின் மூக்குக்கு உள்ளே இலை அடைத்துக்கொண்டால் குத்தி எடுப்பதற்கு. 1697லேயே லண்டன் கெசட்டில் கூர்மையான பிடியுள்ள வடிகட்டித் தேக்கரண்டிகளைப் பற்றிய குறிப்பு வந்திருக்கிறது. குழியை மட்டும் பார்த்தவர்கள் ஆலிவ் என்றார்கள். குழியையும் பிடியையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் தேநீர் கண்ணில் பட்டது.

கரண்டியை அடையாளம் காண்பதில் இதுதான் முதல் பாடம். எந்த உறுப்பும் சும்மா இருக்காது. வெள்ளி விலை உயர்ந்த உலோகம். தட்டானுக்குக் கூலி கொடுக்க வேண்டும். காரணமில்லாமல் யாரும் ஒரு முனையைக் கூராக்கிக்கொள்ள மாட்டார்கள். இரு முனையும் வாய்க்காலாக உள்ள பொருள், எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைச் சுரண்டி எடுக்க ஆங்கிலேய மேஜையில் வைத்தது. அகல வாய்க்கால் பெரிய எலும்புக்கு, குறுகியது சின்ன எலும்புக்கு. சாளுவாய் ஒழுகும் நல்லி எலும்பைத் தட்டில் தட்டிச் சாப்பிடுகிற நம்மூர்க்காரருக்கு இந்த ஏற்பாடு சிரிப்பை வரவழைக்கும். ஆனால் விருந்து மேஜையில் தட்டக்கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

மூடி போட்ட கரண்டியின் கதை, விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த எவருக்கும் உடனே புரியும். குழந்தை வாயைத் திறக்காது, திறந்தாலும் துப்பிவிடும். 1827ஐ ஒட்டி லண்டனில் கிப்ஸன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். எண்ணெயைக் கரண்டிக் குழியில் ஊற்றி மூடியை அடைக்க வேண்டும். கூடான பிடியின் துளையை விரலால் அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று போகாது, எண்ணெயும் வழியாது. கரண்டியை நாக்கின் பின்பக்கம் வரை கொண்டுபோய் விரலை எடுத்தால் எண்ணெய் நேராகத் தொண்டைக்குள் இறங்கிவிடும். குழந்தைக்கு ருசி தெரிவதற்குள் வேலை முடிந்துவிடும். நம்மூரில் அதே வேலையைச் செய்தவை பாட்டியின் மடியும், மூக்கைப் பிடிக்கும் இரண்டு விரல்களும்.

கரண்டி பேசாவிட்டாலும் அதன் மேல் எழுத்து இருக்கலாம். பிரிட்டனில் செய்த வெள்ளிப் பொருளுக்கு முத்திரைகள்தான் ஜாதகம். நடந்து போகும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீதத் தூய்மை. 1544லிருந்து லண்டனில் வழக்கத்தில் உள்ள முத்திரை அது. ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அது ஆண்டைக் குறிக்கும். அந்த முறை 1478இல் தொடங்கியது. அரசர் அல்லது அரசியின் தலை இருந்தால் வரி கட்டிய பொருள், ஆகவே 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது. ‘ஈ.பி.என்.எஸ்.’ என்ற நாலு எழுத்து இருந்தால் அது வெள்ளியே அல்ல, நிக்கல் கலவை மேல் பூசிய வெள்ளிமுலாம். எல்கிங்டன் கம்பெனி மின்முலாம் பூசுவதற்குக் காப்புரிமை பெற்றது 1840இல். ஆகவே நாலெழுத்து உள்ள கரண்டியை டச்சுக் கவர்னரோடு சேர்த்துப் பேசினால், கவர்னர் போய் நாற்பத்தைந்து வருடம் கழித்து முலாம் பூச வந்தார்கள் என்று அர்த்தம்.

இந்தியாவில் செய்ததற்கு இந்த வசதி இல்லை. வெள்ளையர் ஆட்சியில் இங்கே அரசின் முத்திரை நிலையம் எதுவும் கிடையாது. கல்கத்தாவின் ஹாமில்டன், சென்னையின் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கம்பெனிகள் தங்கள் பெயரைத் தாங்களே குத்திக்கொண்டன. சிலர் பிரிட்டிஷ் முத்திரை மாதிரியே தோன்றும் சின்னங்களையும் அடித்தார்கள். தெருக்கோடித் தட்டானோ எதுவும் அடிக்கவில்லை. அங்கே உதவுவது தராசு. வீட்டார் வெள்ளி ரூபாய்களைக் கொடுத்து உருக்கிச் சாமான் செய்துகொள்வது வழக்கம். 1835க்குப் பிந்தைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தூய்மை பன்னிரண்டில் பதினொரு பங்கு. கரண்டிகளின் எடை இத்தனை ரூபாய் என்று முழு எண்ணாக வந்தால், அது உள்ளூர்ப் பட்டறையில் நாணயத்தை உருக்கிப் பிறந்தது என்று ஊகிக்க இடமுண்டு. 1940இல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. அதற்குப் பிந்தைய நாணயத்தை உருக்கிய பொருள் உரைகல்லில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

முத்திரையும் எடையும் கைவிட்டால் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். வலது கையால் பாத்திரத்தைச் சுரண்டிய கரண்டி நுனியின் இடது ஓரத்தில் தேய்ந்திருக்கும். பூஜைக் கரண்டி அப்படித் தேயாது. அது தண்ணீரைத்தான் தொடுகிறது. வீட்டுப் பெயரின் முதலெழுத்து கரண்டியின் முதுகில் வெட்டியிருந்தால், குழியைக் கீழே கவிழ்த்து மேஜை போட்ட காலத்துப் பொருள். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வழக்கம் அது. குழிக்குள் மட்டும் தங்கமுலாம் இருந்தால் உப்புக்கோ முட்டைக்கோ பயன்பட்டது. உப்பு வெள்ளியை அரிக்கும். முட்டையின் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். தங்கத்தை இரண்டும் ஒன்றும் செய்யாது. ஆடம்பரத்துக்கு என்று தோன்றும் மஞ்சள் பூச்சு உண்மையில் சமையலறை ரசாயனம்.

கறுப்பை மட்டும் நம்பக் கூடாது. காற்றிலுள்ள கந்தக வாயு பட்டால் வெள்ளி கறுக்கும். பெரியாற்றங்கரையில் உர ஆலையும் ரசாயன ஆலைகளும் சூழ்ந்த ஏலூர் போன்ற பகுதிகளில் அலமாரிக்கு வெளியே வைத்த வெள்ளிக்கு மூப்பு சீக்கிரம் வந்துவிடும். அந்த மூப்பைப் பட்டறையில் கந்தகக் கரைசலில் முக்கிச் சில நிமிடத்தில் வரவழைக்கவும் முடியும். வேலைப்பாட்டின் பள்ளங்களிலும் கைபட்டுத் தேயும் மேடுகளிலும் ஒரே சீராகக் கறுப்பு இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நூறு வருடம் புழங்கிய பொருளில் மேடு வெளுத்திருக்கும், பள்ளம் கறுத்திருக்கும்.

இதுவரை சொன்னது மேஜைச் சாமான். தமிழ் வீட்டுப் பொருள்கள் இந்த அலமாரிக்கு வந்து சேரும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது.

பாலாடையைப் பாருங்கள். சின்னப் படகு மாதிரி, ஒரு பக்கம் மூக்கு நீண்ட கிண்ணம். கைக்குழந்தைக்குப் பாலும் உரைமருந்தும் புகட்டுவதற்கு. சில வீடுகளில் சங்கு என்பார்கள். பிறந்த குழந்தைக்குத் தாய்மாமன் வீட்டுச் சீராக வெள்ளியில் வருவதும் உண்டு. பழம்பொருள் கடையில் இதை விளக்கு என்று விற்கலாம், குழம்புக் கிண்ணம் என்றும் விற்கலாம். விளக்கு என்றால் திரி எரிந்த மூக்கில் கரி ஏறியிருக்கும். தட்டையாக உட்கார அடிப்பாகம் வேண்டும். பாலாடையின் மூக்கு குழந்தை உதட்டில் படுவது. அதன் விளிம்பைத் தட்டான் மழமழவென்று உருட்டி விட்டிருப்பான். விரலால் தடவினாலே தெரிந்துவிடும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் இதே வேலைக்கு, ஏறக்குறைய இதே உருவத்தில் வெள்ளிக் கிண்ணம் இருந்தது. அதில் பாலில் ஊறிய ரொட்டிக் கூழைப் புகட்டினார்கள். இரு நாட்டுத் தட்டான்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. குழந்தையின் வாய் எங்கும் ஒரே அளவு.

இங்கிலாந்தில் அது கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. பாலாடை அப்படிப் போகவில்லை. மாதம் நிறையாமல், எடை குறைவாகப் பிறந்து, முலையில் சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டும் முறையை இந்திய மருத்துவமனைகளின் சிசுப் பிரிவுகள் இன்றும் கையாள்கின்றன. பால்புட்டியில் ரப்பர் காம்பும் குறுகிய கழுத்தும் கிருமிக்கு வீடு. திறந்த கிண்ணத்தைக் கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம். மருத்துவமனைப் பாலாடை எவர்சில்வரில் இருக்கும், வடிவம் மட்டும் பழையது. பழம்பொருள் அலமாரியில் ‘குழம்புக் கிண்ணம்’ என்று ஒதுங்கிக் கிடக்கும் பொருளின் பேரக்குழந்தை, நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு வார்டில் ஓர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கக்கூடும்.

உத்தரணிக்கும் இதே கதி. பஞ்சபாத்திரத்திலிருந்து தீர்த்தம் எடுக்கும் சிறு கரண்டி. பிடி நுனியில் பாம்புப் படமோ தாமரை மொட்டோ இருக்கும். ஆசமனம் செய்வதற்கு உள்ளங்கையில் சொட்டு நீர் விட வேண்டும் என்பதால் குழி ஆழமில்லாமல் சிறுத்திருக்கும். கேரளத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் கிண்டி செய்துவிடுவதால், மலையாளி வாடிக்கையாளருக்கே உத்தரணி புதுசாகத் தோன்றலாம். இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கும். பிடியில் விஷ்ணுவும் முருகனும் நிற்கும் வெள்ளிக் கரண்டிகளைக் கோயில் சாமான் என்று நம்பி வாங்குவார்கள். அவற்றில் பெரும்பகுதி ‘சுவாமி’ வேலைப்பாடு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னையில் வெள்ளைக்காரர்களின் தேநீர் மேஜைக்கென்றே செய்தவை. 1875-76இல் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்குக் கொடுத்த பரிசுகளில் பி. ஆர் அண்ட் சன்ஸின் சுவாமி வேலைப்பாடும் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாணிக்கு மவுசு கூடியது. மார்பில் கைகூப்பி நிற்கும் அனுமாரைப் பிடித்துக்கொண்டு துரைசானி சர்க்கரை கலக்கினாள். அந்தக் கரண்டியை இன்று பூஜையறையில் வைக்கிறார்கள். அனுமாருக்குப் பதவி உயர்வுதான். ஆனால் கடைக்காரர் அதற்குத் தனி விலை வாங்கியிருப்பார்.

கடுகளவு குழியுள்ள பொருள்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். அதற்குக் குறைந்தது நாலு சொந்தக்காரர்கள். வெற்றிலைச் செல்லத்தில் சுண்ணாம்புக் கரண்டகத்தோடு வரும் சுண்ணாம்புக் கரண்டியாக இருக்கலாம். முள்வாங்கி, பல்குத்தி இவற்றோடு ஒரே வளையத்தில் கோத்துச் சாவிக்கொத்தில் தொங்கிய குறும்பிவாங்கியாக, அதாவது காதுக் குறும்பி எடுக்கும் கருவியாக இருக்கலாம். ஆங்கிலேயரின் உப்புக் கரண்டியாக இருக்கலாம். லத்தீன் கத்தோலிக்கப் பூசையில் திராட்சை ரசத்தோடு ஒரு துளி தண்ணீர் கலக்கப் பாதிரியார் பயன்படுத்தும் சிறு கரண்டியாகவும் இருக்கலாம். காதுக்குள் போனதா, பலிபீடத்துக்குப் போனதா என்பது சாதாரண வித்தியாசமல்ல. வளையம் மாட்டும் காது இருக்கிறதா, சங்கிலி தேய்த்த தடம் உண்டா, குழியில் தங்கமுலாமா, பிடியில் சிலுவையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கழிக்க வேண்டும்.

சிரியன் மரபைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய சபைகளின் வழிபாட்டில் தர்வோதோ என்ற கரண்டி உண்டு. ரசத்தில் தோய்ந்த அப்பத்தை நற்கருணையாக வழங்கும்போது கைக்கு வருவது அது. வழிபாட்டுப் பாத்திரங்களோடு அதற்கும் புனித இடம்; கண்டவர் தொடுவதில்லை. பழைய வீட்டுச் சாமானோடு கலந்து அப்படி ஒன்று கடைக்கு வந்து, சர்க்கரைக் கரண்டி என்ற பெயரில் போய்விட்டால், வாங்கியவர் பாவம் தெரியாமல்தான் காப்பியில் கலக்குவார். யூதர் வழிபாட்டிலும் கரண்டிக் குடும்பத்தோடு சேர்த்துவிடக் கூடிய ஒரு வெள்ளிப் பொருள் உண்டு. நீண்ட கோல், நுனியில் சுட்டுவிரல் நீட்டிய சின்னக் கை. தோரா சுருளை விரலால் தொடாமல் வரிகளைக் காட்டிப் படிக்க அது. யாத் என்று பெயர். தெரியாதவர் கண்ணுக்கு அது முதுகு சொறியும் கோல்.

இதைச் சொல்லக் கூடியவர்கள் யூதத் தெருவில் ஒரு காலத்தில் கதவுக்குக் கதவு இருந்தார்கள். 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இன்னும் அங்கே நிற்கிறது. ஆனால் இஸ்ரேல் பிறந்த 1948க்குப் பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். எம்பிராய்டரிக் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019இல் 96 வயதில் காலமானார். க்வீனி ஹலேகுவா 2024இல், 89 வயதில். பொருள்கள் தெருவில் இருக்கின்றன, அவற்றின் பெயர் தெரிந்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

பொருள் என்னவென்று தெரிந்துவிட்டது என்று இறுமாந்துவிடவும் கூடாது. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற வெள்ளிக் கரண்டியே இதற்குச் சாட்சி. பிரிட்டிஷ் அரசர்களின் முடிசூட்டு விழாவில் தைலம் பூசப் பயன்படும் கரண்டி அது. 12ஆம் நூற்றாண்டில் செய்த, தங்கமுலாம் பூசிய வெள்ளி. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் 1349ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே பழங்காலத்து வடிவம் என்று குறித்திருக்கிறார்கள். 1649இல் சார்லஸ் மன்னரின் தலையைக் கொய்த பிறகு, அரச கிரீடங்களை உருக்கிய நாடாளுமன்றம் இதை 16 ஷில்லிங்குக்கு விற்றது. வாங்கியவர் அரண்மனைச் சாமான் அறை அதிகாரியான கிளெமென்ட் கின்னர்ஸ்லி. மன்னராட்சி திரும்பியதும் 1661இல் அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். 2023 மே 6ஆம் தேதி மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவிலும் அதே கரண்டிதான்.

அதன் குழி நடுவில் ஒரு மேடு இரண்டாகப் பிரிக்கிறது. பேராயர் இரண்டு விரல்களைத் தைலத்தில் தோய்ப்பதற்கு வசதி என்று விளக்கம் சொல்கிறார்கள். ஆனால் அதற்கென்றே செய்தார்களா என்பது தீர்மானமாகவில்லை. பூசைக் கிண்ணத்தில் ரசத்தையும் நீரையும் கலப்பதற்காகச் செய்திருக்கலாம் என்பது அரசச் சேகரிப்பு நிபுணர்களே ஒப்புக்கொள்ளும் சாத்தியம். எண்ணூறு வருடம் கண்காணிப்பில் இருந்த கரண்டிக்கே பிறந்த வேலை எது என்று உறுதியாகத் தெரியாது. மட்டாஞ்சேரி அலமாரியில் கிடப்பதற்குச் சீட்டு ஒட்டும் கை கொஞ்சம் தயங்கலாம்.

அந்தக் கரண்டியின் கதையில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. கிரீடங்கள் உருகின, கரண்டி தப்பியது. அது எதற்கு என்று தெரிந்த ஒருவர், வெள்ளி விலைக்கு மேல் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து வாங்கி வைத்ததுதான் காரணம். எல்லாக் கரண்டிக்கும் ஒரு கின்னர்ஸ்லி கிடைப்பதில்லை. 1980 ஜனவரியில், அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் அவுன்ஸ் விலை ஐம்பது டாலரை நெருங்கியபோது, பல நாடுகளில் பழைய வெள்ளிச் சாமான்கள் மூட்டை மூட்டையாக உருக்கு உலைக்குப் போயின. 2025 அக்டோபரில் அந்த உச்சத்தையும் விலை தாண்டியது. விலை ஏறும்போதெல்லாம் முதலில் வெளியே வருவது, எதற்கென்று வீட்டில் யாருக்கும் தெரியாத சாமான். மூசைக்குள் இறங்கிவிட்டால் உத்தரணியும் உப்புக் கரண்டியும் ஒன்றுதான்.

நகைக்கடையில் கிராம் கணக்கு. பழம்பொருள் கடையில் கதைக் கணக்கு. இந்தக் கதைக்குச் சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5இல் அமலுக்கு வந்தது. நூறு வருடத்துக்குக் குறையாத பழமையும் வரலாற்று அல்லது கலை மதிப்பும் கொண்ட பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று வருடம் வரையிலான சிறை. சந்தேகம் இருந்தால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பயணியிடம், ‘இருநூறு வருடத்துக் கரண்டி, தாராளமாக எடுத்துப் போங்கள்’ என்று எந்தக் கடையாவது சொன்னால் அதில் ஒரு பாதி பொய். இருநூறு வருடம் என்றால் எடுத்துப் போக முடியாது. எடுத்துப் போகலாம் என்றால் இருநூறு வருடம் இல்லை.

கடையில் போய் ஏமாறாமல் இருப்பது ஒரு விஷயம். அதைவிட முக்கியமானது வீட்டில் இருப்பதைத் தொலைக்காமல் இருப்பது. பரணில், டிரங்குப் பெட்டியில், பூஜையறை மாடத்தில் ஏதாவது ஒன்று கறுத்துக் கிடக்காத தமிழ் வீடு அபூர்வம். அதைப் பளபளவென்று தேய்ப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. தேய்மானத் தடமும் மங்கிய எழுத்தும் முதல் தேய்ப்பிலேயே போய்விடும். எடை போட வேண்டும். பிடியின் முதுகைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். அதோடு கூட வந்த மூடி, சங்கிலி, தட்டு எதையும் பிரிக்கக் கூடாது. தனியாக நிற்கும் கரண்டி ஊமை, ஜோடியோடு இருந்தால்தான் பேசும். கொச்சிக்காரர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஃபோர்ட் கொச்சியின் இந்தோ-போர்த்துகீசிய அருங்காட்சியகமும், திருப்பூணித்துறை ஹில் பேலஸும் இருக்கின்றன. சென்னைவாசிகளுக்கு 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் போக வேண்டிய இடம் வீட்டின் மூத்த பெண்மணியிடம். ‘இதுக்கு என்ன பேரு பாட்டி?’ என்ற கேள்விக்கு, எந்த முத்திரைப் புத்தகத்திலும் இல்லாத பதில் அங்கே கிடைக்கும். யாருக்குப் பால் புகட்டியது, யார் கல்யாணத்தில் வந்தது, எந்தப் பஞ்சத்தில் அடகுக்குப் போய் எப்போது திரும்பியது என்பது வரை வரும். அதை ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, கரண்டியோடு சேர்த்துக் கட்டி வைக்கலாம். பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்பது அவரவர் வசதி. விற்றாலும் சீட்டோடு விற்றால், மட்டாஞ்சேரி அலமாரியில் அது இன்னொரு சர்க்கரைக் கரண்டியாகப் போய் விழாது.